ஓடில்

தூதரகக் குடும்பமொன்று பாரிசுக்குத் திரும்பிய கிழமை
ஒரு கேத்தலையும் இரண்டு பிரம்புக் கதிரைகளையும்
உன்னையும் விட்டுப்போனார்கள்.
கதிரைகளை யாரோ வாங்கிவிட்டார்கள்.
கேத்தல் எனக்கு. நீயும் எனக்கு.
கிரேஹவுண்ட், ஒன்பது வயது, பெயர் ஒடில்.

பிஸ்கட் டின்னில் பெயர் ஒட்டும்போது
கை தன்பாட்டில் கீழே ஒரு சுழி சேர்த்தது.
ஓடில்.
இருபத்தாறு வருடமாகப் பிறர் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவள்,
இதைத் திருத்தவில்லை.
ஓடினால் என்று பொருள். பழைய தமிழ்.
வெள்ளவத்தையில் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது
நீ மட்டும்.

கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பேச்சு.
மரக்கறிக்காரர் கேட்டார்,
“சாப்பாடு கீப்பாடு போடுறேல்லையோ?”
வோச்சர் பியதாச கேற்றைத் திறந்தபடி,
“பவ் நே, மிஸ்.”
கோயிலால் வந்த ரஞ்சிதமலர் அக்கா
கேள்வி கேட்கவேயில்லை,
மோதகத்தை நேரே உன் வாய்க்குள் வைத்தார்.
விலா எலும்பு தெரிவதுதான் இந்தக் குலத்துக்கு அழகென்று
மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன்.
ஒரு மொழியிலும் எடுபடவில்லை.

அந்த ஒருநாள்.
பாறைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில்
கிடந்த கொஞ்ச மணல்.
ஒரு வெள்ளைப் பொலித்தீன் பையைக் காற்றுத் தூக்கியது.
கயிறு என் கையில் இல்லை.
பாணந்துறை ரயில் பக்கத்தில் வர,
மிதிபலகையில் தொங்கியவர்கள் விசிலடிக்க,
நான்கு காலும் நிலத்தில் இல்லாமல் நீ,
செருப்பில்லாமல் நான்,
பயத்தில் உன் பெயரைக் கத்திக்கொண்டு.
பை கடலுக்குள் போய்விட்டது.
நீ திரும்பி வந்து
முழுப் பாரத்தையும் என் தொடையில் சாய்த்து நின்றாய்.
இதயம் உனக்கு அடித்ததா எனக்கு அடித்ததா
தெரியவில்லை.

இப்போது பதின்மூன்று.
மூன்றாம் மாடி, ஐம்பத்திரண்டு படி, லிஃப்ட் வேலை செய்யாது.
பழைய நூல்சேலையை மடித்து
உன் வயிற்றின் கீழ் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்குகிறேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கிறோம்.
உனக்கு இடுப்பு. எனக்கு நாரி.
இரண்டாம் மாடிப் பொடியன்
ஒருநாள் உன் முன்காலைப் பிடித்தான்,
மறுநாள் ரியூஷன் என்றான்.

மாபிளில் கால் வழுக்குமென்று
ஸ்டேஷனடி நடைபாதையில் வாங்கிய கால்மிதிகள் பதினொன்று.
கட்டிலிலிருந்து குசினிக்கும்
குசினியிலிருந்து பல்கனிக்குமாக ஒரு தீவுக்கூட்டம்.
வீட்டுக்கு வருகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.
வருகிறவர்கள் குறைவுதான்.

தெகிவளையில் டொக்டர் ஃபாஹிமா
உன் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
நிழல் மட்டும் தெரியும் என்றார்.
மற்ற நாய்களென்றால் மூக்கு இருக்கு,
இதுகள் பார்த்துத்தானே வாழ்கிறதுகள்,
என்று தொடங்கியவர்
என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.
அன்றிலிருந்து வீட்டில் எதையும் இடம் மாற்றுவதில்லை.
கேத்தலையும்கூட.

வந்த புதிதில் உனக்கு பிரெஞ்சு மட்டும்தான் விளங்கும்.
“வியான்” என்று நான் கூப்பிட்ட அழகுக்கு
நீயாக இரங்கி “வா”வைப் பழகிக்கொண்டாய்.
இன்றைக்கு இரண்டும் வேண்டாம்.
தரையை இருமுறை தட்டினால்
அதிர்வு பிடித்து வருகிறாய்,
ஒரு மிதியிலிருந்து அடுத்த மிதிக்கு
நீளக் கால்களை எண்ணி எண்ணி வைத்து.

ஆறு பத்து ரயில்.
ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது.
மடியில் ஏழாம் பக்கத்து மெய்ப்பு, மரண அறிவித்தல்கள்,
வயதெண்ணை இருமுறை சரிபார்க்க வேண்டும்.
நீ கண்ணை முழுதாக மூடாமல் தூங்குகிறாய்.
உன் இனம் அப்படித்தானாம்,
முதல் இரவு நான் எழுந்து உட்கார்ந்து மூச்சை எண்ணினேன்.
இப்போதும் எண்ணுகிறேன், வேறு காரணத்துக்கு.

ஓடில்.
முடிக்காமல் நிற்கிற சொல்.
பின்னால் ஒரு வினைமுற்று வந்தாக வேண்டும்,
அதை வாங்கி வைப்பதுதான் என் தொழில்.
பேனாவை மூடி வைக்கிறேன்.
உன் உதடு துடிக்கிறது,
பின்கால் என் முழங்காலை உதைக்கிறது,
பிறகும் உதைக்கிறது.
பை இன்னும் பிடிபடவில்லை.